அக்காவும் தம்பியும் ஒரே கைப்பேசியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தாத்தாவும் பாட்டியும் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுபதுகளில் தாயகம் திரும்பியவர்கள். தாத்தா இறந்துவிட்டார், பாட்டி இருக்கிறார். கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த நானும் அக்காவும், அவர்கள் குடியிருந்த லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை) ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று கடந்த ஜூன் மாதம் இலங்கைக்கு வந்தோம். ரயில் வட்டவளையைத் தாண்டும்போது வாசலில் நின்று மழையைப் படம் பிடித்தேன். ஹட்டனில் இறங்கிப் பவர் பேங்க்கைச் செருகினால், திரையில் நீர்த்துளி அடையாளம் வந்ததே தவிர சார்ஜ் ஏறவில்லை. முந்தின இரவு தங்கிய விடுதியில் எங்கள் பிளக் பொருந்தாததால் அக்காவின் பழைய போனும் அணையும் நிலையில் இருந்தது. டிக்கட், தங்குமிடத்தின் முகவரி, பணம், தாத்தாவின் குடும்ப அட்டையின் படம் எல்லாம் என் போனில்தான். தோட்டத்துக்குப் பஸ் மாறும் நோர்வூட் சந்தியில் யாரிடமாவது கேட்கலாம் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் “இரு, இப்போது வந்துவிடும்” என்று போனை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டது. இருட்டில் நடந்து, ஒரு தேநீர்க் கடைக்காரரின் தயவில் அவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் நாங்கள் பார்த்தது தோட்டத்தின் வேறொரு பிரிவை என்பது ஊர் திரும்பிப் பாட்டியிடம் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அக்கா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும், கருவிகள் செத்துப்போனதால்தான் மனிதர்களைச் சந்தித்தோம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அடுத்த முறை போனே இல்லாமல் வரலாம் என்கிறேன், அக்கா ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கோத்தகிரி வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் அக்காவின் கட்சி.

தேநீர்க் கடைக்காரர் உங்களைத் தம் வீட்டில் தங்கவைத்தது பெரிய மனம்தான். ஆனால் முழு சார்ஜோடு பகல் இரண்டு மணிக்கு நீங்கள் அவர் கடையில் போய் உட்கார்ந்திருந்தாலும் அவர் அதே மனிதராகத்தான் இருந்திருப்பார். அவருடைய நல்ல குணத்துக்கான பெருமையைக் கெட்டுப்போன கைப்பேசிக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜூன் மாதத்து மழையில், ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக வளைந்து போகும் விளக்கில்லாத தோட்டத்துப் பாதையில் இருட்டியபின் நடப்பதை, அந்தப் பாதையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட முடிந்தவரை தவிர்ப்பார்கள். எங்கள் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. நல்லபடியாக முடிந்துவிட்டதால் அந்த இரவு உங்களுக்கு இப்போது இனிக்கிறது. உங்கள் அக்காவுக்கு அது இனிக்காததில் வியப்பில்லை.

முதலில் அந்த நீர்த்துளி அடையாளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைப்பேசி பழுதாகவில்லை. சார்ஜ் ஏற்றும் துளையில் ஈரம் இருப்பதை அறிந்து, மின்சாரம் பாய்ந்து உள்ளிருக்கும் முனைகள் அரித்துப்போகாமல் தன்னைக் காத்துக்கொண்டது. வட்டவளை இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று, ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல். அங்கே, தென்மேல் பருவமழைக் காலத்தில், ஓடும் ரயிலின் வாசலில் கைப்பேசியை நீட்டிப் பிடித்தால் அது வேறென்ன செய்யும்? அந்த அடையாளத்தைக் கண்டதும் கைப்பேசியை அணைத்து, துளை கீழே பார்த்திருக்கும்படி பிடித்துக் கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் சில மணி நேரம், தேவைப்பட்டால் ஒரு நாள், சும்மா விட்டுவிட வேண்டும். நீங்களோ நோர்வூட் சந்தியில் நின்று அதைத் திரும்பத் திரும்ப உயிர்ப்பித்து, மிச்சமிருந்த சார்ஜையும் தீர்த்திருக்கிறீர்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வைத்தியமும் வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுதல் செய்யலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் சொல்லிவிட்டது. தோட்டத்து வீடுகளில் அன்பு மிகுதியால் கைப்பேசியை வாங்கி அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள், அதையும் பக்குவமாக மறுத்துவிடுங்கள்.

அக்காவின் போன் விஷயம் இதைவிட எளிது. இரு நாட்டிலும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான், ஆகவே சார்ஜருக்கு ஆபத்தில்லை, துளைகள்தான் வேறு. பழைய கட்டடங்களில் உங்கள் ஊரைப் போல வட்ட முள்ளுக்கான துளைகளும், புதியவற்றில் சதுர முள் கொண்ட 13 அம்பியர் பிளக்குக்கான துளைகளும் இருக்கும். ஹட்டன் கடைத்தெருவில் எந்த மின்சாதனக் கடையிலும் அடாப்டர் கிடைக்கும். மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறந்து, இரண்டு முள் சார்ஜரைத் திணிக்கும் வித்தையை விடுதிப் பையன்கள் காட்டித் தருவார்கள், கற்றுக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, மலை மடிப்புகளுக்குள் அலைவரிசை விட்டுவிட்டு வருவதால், கோபுரத்தைத் தேடித் தேடியே கைப்பேசியின் மின்கலம் வடிந்துபோகும். பஸ்ஸில் போகும்போது அதை விமான நிலையில் (ஃப்ளைட் மோடில்) போட்டு வைத்தால் சாயங்காலம் வரை தாங்கும்.

இவையெல்லாம் பத்து நிமிட வேலை. உங்கள் பயணத்தைக் கெடுத்தது வேறொன்று என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் ‘எல்லாம் என் போனில்தான்’ என்ற வரியை ஒரு தகவலைப் போலச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். நம் வீடுகளில் இது வழக்கமாக நடப்பதுதான்: தம்பிக்குப் போன் தெரியும், ஆகவே டிக்கட்டும் பணமும் வழியும் அவன் பொறுப்பு; அக்காவுக்குச் சாப்பாடு, மருந்து, துணிமணி. அந்தப் போன் நின்றதும் தம்பி ஒரேயடியாகக் குற்றவாளி ஆகிவிடுகிறான், அக்கா நீதிபதி ஆகிவிடுகிறார். முன்பின் தெரியாத ஒருவரோடு பயணம் செய்திருந்தால் பஸ் நடத்துநரிடம் வாய் திறந்து கேட்க உங்களுக்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அக்காவின் முன்னால் கேட்பது என்றால், அவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். நோர்வூட்டில் நீங்கள் உயிர்ப்பிக்கப் பார்த்தது கைப்பேசியை அல்ல, உங்கள் மதிப்பை. அதற்குள் பஸ் போய்விட்டது. அக்காவையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்: தம்பியின் அனுமதிக்குக் காத்திராமல் அவரே நடத்துநரிடம் போய்க் கேட்டிருக்கலாமே? மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் பாதை பிரிகிற அந்தச் சந்தியில் தமிழ் தெரியாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே போனை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. அதன் பொறுப்புகளை இருவருக்குமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இலங்கை சிம் அட்டை அக்காவின் போனில் இருக்கட்டும். வங்கியின் ரகசிய எண் வரும் இந்திய சிம் அட்டை, ரோமிங் வசதியோடு உங்கள் போனிலேயே இருக்கட்டும். அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ரகசிய எண் வரவில்லை என்று தவிப்பவர்களை நான் ஹட்டனில் பார்த்திருக்கிறேன். 2024 பெப்ரவரி முதல் லங்கா க்யூஆர் குறியீடு வைத்துள்ள கடைகளில் இந்திய யூபிஐ செல்லும் என்பது உண்மைதான். ஆனால் தோட்டத்துக் கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு அந்த க்யூஆர் அட்டையைத் தேடாதீர்கள்; இலங்கை ரூபாய் நோட்டு இருவர் பையிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே தாளை இரண்டு பிரதியாக எழுதி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தின் பெயரும் எண்ணும் (ஹட்டன் பக்கத்து நிலையான தொலைபேசிகள் 051இல் தொடங்கும்), கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் எண், பொலிஸுக்கு 119, இலவச அம்புலன்ஸுக்கு 1990 ஆகியவை அதில் இருந்தால் போதும்.

இனி நீங்கள் தவறவிட்ட பிரிவைப் பற்றி. கைப்பேசி நன்றாக இயங்கியிருந்தாலும் நீங்கள் தவறான இடத்துக்கே போயிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. இணைய வரைபடத்தில் தோட்டத்தின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் ஸ்டோரையோ (தேயிலைத் தொழிற்சாலையையோ) தோட்டத்துரையின் பங்களாவையோ காட்டும். லயங்களை அது அறியாது. ஒரு தோட்டம் பல பிரிவுகளாக மலைக்கு மலை பரந்து கிடக்கும். மேல்கணக்கு என்னும் மேல் பிரிவிலிருந்து கீழ்க்கணக்குக்கு ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். லய வீடுகளுக்குப் பெரும்பாலும் தெருப் பெயரோ வீட்டு எண்ணோ கிடையாது என்பதால், கடிதங்கள்கூட தோட்ட அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்துதான் கைக்குக் கை மாறும். போதாததற்கு, பழைய லயங்கள் பலவற்றை இடித்துத் தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் தேடும் லயம் இன்றைக்கு ஒரு காய்கறித் தோட்டமாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இப்படிப்பட்ட இடத்தில் முகவரி என்பது மனிதர்களின் ஞாபகம்தான். ஆனால் அதற்குச் சரியான சாவி வேண்டும். ‘எழுபதுகளில் இந்தியாவுக்குப் போன குடும்பம்’ என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, போனவர்கள் அத்தனை பேர். இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964இல் செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கென்று ஒதுக்கப்பட்டவர்கள் மட்டும் 5,25,000 பேர். தாத்தாவின் பெயரோடு அவருடைய தகப்பன் பெயர், எந்தக் கங்காணியின் (ஆள் சேர்த்து வேலை வாங்கியவரின்) ஆட்கள், இந்தியாவில் எந்த ஊரைச் சேர்ந்தவர்கள், லயம் ஸ்டோருக்கு மேலேயா பணியவா, பக்கத்தில் கோயில் இருந்ததா ஆறு இருந்ததா என்பதையெல்லாம் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். தோட்டத்துக்குள் வந்ததும் முதலில் தொழிற்சங்கத் தலைவரின் வீட்டை விசாரியுங்கள். தலைவர் இளவயதுக்காரராக இருந்தால், எந்தக் கிழவரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அதைப் பாட்டியிடம் பக்குவமாகக் கேட்க உங்கள் அக்காதான் பொருத்தமானவர். அந்த ஒப்பந்தத்தின் கீழ் குடியுரிமை மனுக்கள் குடும்பம் குடும்பமாகத் தீர்க்கப்பட்டதால், கல்யாணமாகித் தனிக்குடும்பம் ஆகிவிட்ட கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்தியாவும் இன்னொருவருக்கு இலங்கையும் என்று விழுந்தது. அண்ணன் ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலேற, தங்கை லயத்திலேயே நின்றுவிட்ட வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோன பின் கடிதமும் மெல்ல மெல்ல நின்றது. உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இங்கே தங்கிவிட்ட உடன்பிறப்பு யாராவது உண்டா? இருந்தால் அந்தப் பெயர் ஒன்றே போதும், பிரிவையும் லயத்தையும் அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இன்றும் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கலாம், அல்லது கொழும்பில் வேலை செய்துகொண்டு தீபாவளிக்கு மட்டும் வந்துபோகலாம்.

பெயர் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், பொகவந்தலாவைப் பக்கம் எனக்குத் தெரிந்த தலைவர்களிடம் விசாரித்து வைக்கிறேன். பயணத்தை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்து மேற்குச் சரிவில் அப்போதுதான் மழை குறைவு. ஹட்டனிலிருந்து காலை பஸ்ஸைப் பிடியுங்கள். நடத்துநரிடம் இறங்குமிடத்தைக் கேட்கும் பொறுப்பு இந்த முறை அக்காவுடையது.