ஒரே மேசைக்குள் இரண்டு பிரதிகள்

வாசகர் கேள்வி – பதில்: கணினிப் பகுதி

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் வேளையில் வந்த கடிதங்களில் பேக்கப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீளமான கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: மாதம் தவறாமல், முதல் ஞாயிற்றுக்கிழமை, கணினியில் உள்ள அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. சிபியூ மேசைக்கு அடியிலும், ஹார்டு டிஸ்க் அதே மேசையின் கீழ் இழுப்பறையிலும் இருந்தன. இரண்டும் மூழ்கின. எடுத்துத் துடைத்து வைத்ததோடு சரி, இதுவரை இயக்கிப் பார்க்கவில்லை. நான் எங்கே தவறினேன்? அவற்றில் இருந்ததை இனி மீட்க முடியுமா?
— வேளச்சேரி வாசகர்

பதில்: இயக்கிப் பார்க்காமல் இருந்தீர்களே, அதுதான் நீங்கள் செய்ததில் மிகச் சரியான காரியம். ஹார்டு டிஸ்கின் உள்ளே சுழலும் தட்டுக்கும், அதன்மேல் மிதந்தபடி தகவலைப் படிக்கும் தலைக்கும் இடையே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளிதான். ஒரு தலைமுடியின் தடிமன் அதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் அதிகம். பெரும்பாலான டிஸ்குகளில் உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். வெள்ள நீர் அதன் வழியாக உள்ளே போய், வண்டலைத் தட்டின்மேல் விட்டுவிட்டுக் காய்ந்திருந்தால், மின்சாரம் கொடுத்த மாத்திரத்தில் தலை அந்த மண்ணில் உரசித் தட்டைக் கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்ததை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆகவே அரிசி டப்பாவில் புதைப்பது, மொட்டைமாடி வெயிலில் காயவைப்பது, ஒருமுறை செருகித்தான் பார்ப்போமே என்று நினைப்பது, எதுவும் வேண்டாம். தரவு மீட்பு செய்பவரிடம் கொடுப்பதாக இருந்தால், தூசியற்ற அறையில் வைத்துத்தான் திறப்பார்களா, மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா என்ற இரண்டையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இவ்வளவு காலம் கழித்து எல்லாமே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓரளவு கிடைக்க வாய்ப்புண்டு.

உங்கள் ஒழுங்கில் குறையே இல்லை. பிரதியை வைத்த இடத்தில்தான் குறை. மூலம் எந்தக் காரணத்தால் அழியுமோ அதே காரணத்தால் பிரதியும் அழியுமானால், உங்களிடம் இரண்டு பொருள்கள் இருந்தனவே தவிர, பிரதி என்று ஒன்று இருக்கவில்லை. தண்ணீருக்கு மேசையும் இழுப்பறையும் ஒன்றுதான். திருடனுக்கும் அப்படியே, லேப்டாப் பையின் பக்கவாட்டு அறையில் ஹார்டு டிஸ்கை வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூன்று பிரதிகள், அவை இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்றாவது வேறு இடத்தில் என்று இத்துறையில் 3-2-1 என ஒரு விதி சொல்வார்கள். அதில் கடைசி எண்ணைத்தான் நம் வீடுகளில் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

அதற்குப் பெரிய செலவும் ஆகாது. ஒரே அளவில் இரண்டு ஹார்டு டிஸ்குகள் வாங்கி, ஒன்றை வீட்டுப் பரணிலும் மற்றொன்றை வேறு பகுதியில் மாடி வீட்டில் இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ வையுங்கள். பொங்கலுக்குப் போகும்போது புதிய நகல் உள்ளதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவது, பிறகு ஆடியில் ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் தனியாக நாள் குறிக்கவும் வேண்டாம். மழைக்கு முன்னால், செப்டம்பர் கடைசியில் கூடுதலாக ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். 2015இல் மூழ்கிய பகுதிகளில் பல 2023இலும் மூழ்கின என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: பேரனின் படங்களால் என் டேப் நிரம்பிவிட்டது என்று கூகுள் ஃபோட்டோஸில் பழைய படங்களை நீக்கினேன். எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது என்று மகள் சொல்லியிருந்தாள். இப்போது அங்கேயும் இல்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, மேற்கு மாம்பலம்

பதில்: அம்மா, முதலில் அதே செயலியில் 'குப்பை' என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். கிளவுடில் ஏறியிருந்த படங்களை நீக்கினால் அவை 60 நாள் வரை அங்கே இருக்கும். நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நாள் கடந்துவிட்டால் வழியில்லை. ஆகவே இதைப் படித்து முடிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

உங்கள் மகள் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. கூகுள் ஃபோட்டோஸ் செய்வது பெரும்பாலும் ஒத்திசைவு. டேபில் உள்ளதும் கிளவுடில் உள்ளதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதே அதன் வேலை என்பதால், அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை நீக்கினால் அது எங்கும் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும். டேபில் மட்டும் இடம் காலியாக வேண்டுமானால், அதற்கென்றே 'இந்தச் சாதனத்தில் இடத்தைக் காலிசெய்' என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது. அது கிளவுடில் உள்ள படத்தைத் தொடாது.

இன்னொன்று. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தில் உங்கள் மின்னஞ்சலும் டிரைவும் படங்களும் சேர்ந்தே குடியிருக்கின்றன. 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்கள் அனைத்தும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. இடம் நிரம்பியதும் புதிய படங்கள் மேலே போவது நின்றுவிடும். ஓரத்தில் வரும் சிறிய அறிவிப்பை நாம் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான். இன்னும் விரைவில் நிரம்பும்.

டேப் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். பழைய கணினி பழுதானால் அதிலிருந்த டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிப் படித்துவிடலாம். டேபில் நினைவகச் சில்லு மின்சுற்றுப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பதும் திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பலகை போய்விட்டால் ரிச்சி தெருவில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் பயன் குறைவு. ஆகவே உங்கள் மகள் அடுத்த முறை வரும்போது, ஒரு சிறிய ஹார்டு டிஸ்கை டேபுடன் ஓடிஜி கேபிளில் இணைத்துப் படங்களை அதில் நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தக் கேபிள் உங்கள் கண்ணாடிக்கூட்டை விடச் சிறியது. அதனால் டிஸ்கோடு சேர்த்தே ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள்.

கேள்வி: பென் டிரைவில் போட்டு வைத்தால் போதாதா?
— பல்லாவரம் வாசகர்

பதில்: போதாது. அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக உதவும் பொருள். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று கூவி விற்கப்படுவது அதற்கும் உதவாது. உள்ளே இருப்பது மிகச் சிறிய சில்லாக இருக்கும், கணினியிடம் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். கோப்புகள் ஏறியதாகவே காட்டும், திறக்கும்போதுதான் தெரியும்.

கேள்வி: எங்கள் மொத்த வியாபாரக் கடையின் கணக்கு, டாலி என்ற கணக்கு மென்பொருளில், ஒரு கணினியில் இருக்கிறது. பேக்கப்புக்காக ஒரு ஹார்டு டிஸ்க் எப்போதும் அதில் செருகியே இருக்கும். மின்னஞ்சலில் வந்த பில் ஒன்றைக் கணக்கர் திறந்ததும் எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டு பணம் கேட்கின்றன. ஹார்டு டிஸ்கும் பூட்டிக்கொண்டது.
— பாரிமுனை வணிகர்

பதில்: 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் செய்தது இதே வேலையைத்தான். இவ்வகைத் தீநிரல் கணினியின் கண்ணுக்குப் படும் எல்லா டிஸ்குகளையும் பூட்டும். செருகியே இருக்கும் பேக்கப் அதற்கு இன்னொரு கோப்புறை, அவ்வளவுதான். கணினியை இணையத்திலிருந்தும் கடையின் மற்றக் கணினிகளிலிருந்தும் உடனே துண்டியுங்கள். பணம் கட்டினால் திறவுகோல் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல் துறையும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறவுகோல் இருக்கிறது. உங்களுடையது அதில் உள்ளதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் பூட்டிய கோப்புகளை அழித்துவிடாதீர்கள், பின்னாளில் திறவுகோல் வெளியாகலாம்.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை பாதுகாத்தாக வேண்டும். ஆகவே இனி மூன்று ஹார்டு டிஸ்குகளைத் திங்கள், புதன், வெள்ளி என்று எழுதி ஒட்டிச் சுழற்சியில் வையுங்கள். கடை அடைக்கும் நேரத்தில் டாலியை மூடிவிட்டு, அன்றைய டிஸ்கைச் செருகி, நகலெடுத்து, முறைப்படி வெளியேற்றி, கழற்றி எடுத்துவிட வேண்டும். மூன்று எதற்கு என்று கேட்பீர்கள். ஒன்றே இருந்தால், கணக்கில் நேர்ந்த தவறு கவனிக்கப்படுவதற்குள் நல்ல பிரதியின் மேலேயே தவறான பிரதி எழுதப்பட்டுவிடும். மூன்றில் ஒன்றை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவது நல்லது.

கேள்வி: 1998 முதல் 2008 வரை நான் தட்டச்சு செய்த கதைகளும் கட்டுரைகளும் குறுந்தகடுகளில் இருக்கின்றன. கோப்புகள் திறக்கின்றன, ஆனால் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பித் தெரிகின்றன. கெட்டுவிட்டனவா?
— எழுத்தாளர், திருவல்லிக்கேணி

பதில்: கெடவில்லை. தொலைந்தது எழுத்துரு. அக்காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டியவை. பாமினி என்ற எழுத்துருவில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. பாமினி நிறுவப்பட்ட கணினியில் அது அம்மா. மற்றக் கணினியில் வெறும் ஐந்து குறிகள். ஒரு கோப்பை முழுமையாகப் பேக்கப் எடுத்திருந்தும் படிக்க முடியாமல் போவது தமிழில் எழுதியவர்களுக்கு நன்கு பழகிய துயரம். எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பதையே மறந்துவிட்டவர்கள், முதல் சில வரிகளை வெவ்வேறு எழுத்துருக்களில் மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

முதல் வேலையாகக் குறுந்தகடுகளைக் கணினிக்கு நகலெடுங்கள். வீட்டில் எழுதிய தகட்டின் சாயப்படலம் காலப்போக்கில் மங்கும். சென்னையின் ஈரக்காற்றும் அதற்கு நல்லதல்ல. பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியைக் கொண்டு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை ஒரு பக்கமாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி நிற்கும். பழைய கோப்பு, அதன் எழுத்துருக் கோப்பு, யூனிகோடு வடிவம், பிடிஎஃப் வடிவம் ஆகிய நான்கையும் ஒரே கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறையை இரண்டு இடங்களில் வையுங்கள். பிடிஎஃப் உருவாக்கும்போது எழுத்துருவை உள்ளே பொதிய மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸின் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரி ஓடுகிறது. எந்தப் பிழையும் காட்டவில்லை. நம்பி இருக்கலாமா?
— கல்லூரி மாணவி, அடையாறு

பதில்: நானும் எட்டு மாதம் நம்பியிருந்தேன். 'சி டிரைவில் எதையும் வைக்காதீர்கள் சார், ஃபார்மட் செய்தால் போய்விடும், டி-யில் வையுங்கள்' என்று கணினியைச் சேர்த்துக் கொடுத்தவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு என் கட்டுரைகளையெல்லாம் டி டிரைவில் வைத்திருந்தேன். ஃபைல் ஹிஸ்டரியோ நாமாகச் சேர்க்காதவரை டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற கோப்புறைகளை மட்டுமே எடுக்கும். ஒரு கட்டுரையின் பழைய வடிவம் தேவைப்பட்டுப் பேக்கப்பைத் திறந்தால், உள்ளே சுவர்ப்படங்களும் யாரோ அனுப்பிய திருமண அழைப்பிதழும்தான் இருந்தன. சியும் டியும் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் ஒரே டிஸ்கின் இரண்டு பிரிவுகள்தாம் என்பதையும், சியிலிருந்து டிக்கு நகலெடுப்பது பேக்கப் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது, மாதம் ஒருமுறை உங்களுக்கு மிக முக்கியமான ஒரு கோப்பைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் தோழியின் கணினியில் திறந்து பார்ப்பது. மேக் வைத்திருந்து டைம் மெஷின் பயன்படுத்துபவர்களும் இதையே செய்யலாம். உங்களுடையது விண்டோஸ் 11 என்றால், டிஸ்க் தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். பழுது பார்க்கும்போது 48 இலக்க மீட்பு எண் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் அதை இன்றே காகிதத்தில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. குடும்பப் படங்கள், பத்திர நகல்கள் அனைத்தும் என் கூகுள் கணக்கிலும் ஒரு ஹார்டு டிஸ்கிலும் உள்ளன. கடவுச்சொல் எனக்கு மட்டுமே தெரியும். அது சரிதானே?
— அண்ணா நகர் வாசகர்

பதில்: பாதுகாப்பின்படி சரி. ஆனால் உங்களுக்குப் பின் இரண்டு பிரதிகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கை நீக்கும் உரிமை தனக்கு உண்டு என்று கூகுள் அறிவித்திருக்கிறது. கூகுள் கணக்கு அமைப்பில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற பகுதிக்குப் போய், நீங்கள் குறிக்கும் காலத்துக்குக் கணக்கு திறக்கப்படாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பதிவு செய்யுங்கள். ஐபேட் இருந்தால், உங்களுக்குப் பின் கணக்கைத் திறந்து பார்க்கக்கூடிய மரபுத் தொடர்பாளராக அதில் ஒருவரைச் சேர்க்கலாம். ஹார்டு டிஸ்கின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பில் வைத்து, அப்படி ஓர் உறை இருப்பதை உங்கள் மனைவியிடமும் பிள்ளைகளில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள். கடவுச்சொல்லை மாற்றும் நாளில் அந்தத் தாளையும் மாற்ற வேண்டும். தாளின் மேல் தேதி போட்டு வையுங்கள்.