அம்மாவின் எலும்பு மஜ்ஜையைச் சோதிக்க வேண்டுமா?

பாம்பனிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: அம்மாவுக்கு 58 வயது, கடலில் இறங்கிப் பாசி எடுத்தவர். மதுரையில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி எட்டு மாதம், அக்குள் நெறிகட்டிகளில் பரவல் இல்லை, தினமும் லெட்ரோசோல் (புற்றுநோயை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறார். 'புற்றுநோய் செல்கள் மஜ்ஜைக்குள் ஒளிந்திருக்கும், டெஸ்ட் பண்ணிப் பாருங்கள்' என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லையாம்.

சொந்தக்காரர் சொன்னது கட்டுக்கதை இல்லை. கட்டி சிறிதாக இருக்கும்போதே சில செல்கள் ரத்தத்தோடு போய் மஜ்ஜையில் உட்கார்ந்துவிடுவது உண்டு. இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் கொஞ்சம் மஜ்ஜையை உறிஞ்சி, சைட்டோகெரட்டின் என்ற புரதத்துக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் தேடுவார்கள். மஜ்ஜையின் சொந்தச் செல்களில் பொதுவாக அந்தப் புரதம் இருக்காது என்பதால், லட்சக்கணக்கான செல்களுக்கு நடுவில் ஒன்றிரண்டு இருந்தாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். 2005இல் 4,703 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்ததில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இப்படி இருந்தது, அவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பும் கூடுதலாகத்தான் இருந்தது.

ஆனாலும் உங்கள் அம்மாவுக்கு இது வேண்டாம். அந்தச் செல்கள் இருந்தும் நோய் திரும்பாதவர்கள் நிறையப் பேர். 'இருக்கிறது' என்று ரிசல்ட் வந்தால் அதை வைத்து மருந்தை மாற்றுவதில்லை, 'இல்லை' என்று வந்தால் மாத்திரையை நிறுத்துவதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒளிந்திருக்கும் செல்களுக்காகத்தானே அந்த மாத்திரையே!

அதனால் இன்றைக்கே அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள், எத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது என்று. லெட்ரோசோல் சாப்பிட்டால் பலருக்குக் காலையில் மூட்டெல்லாம் இறுகி வலிக்கும், பல பெண்கள் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. இந்த மாத்திரை எலும்பையும் தேய்க்கும். அப்புறம், மாதவிடாய் நின்றவர்களுக்கு ஜோலெட்ரோனிக் அமில ஊசி எலும்பைக் காப்பதோடு எலும்பில் நோய் திரும்புவதையும் ஓரளவு குறைக்கிறது, அம்மாவுக்குப் பொருந்துமா என்று அடுத்த செக்கப்பில் கேளுங்கள்.

நோய் எலும்பில் திரும்பினால் வரும் வலியைச் சாதாரண வலியிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வேலை செய்து வந்த வலி படுத்தால் தணியும். ஒரே இடத்தில் நாளுக்கு நாள் கூடி, ராத்திரி எழுப்பிவிடும் வலி இரண்டு வாரம் தாண்டினால் மதுரை டாக்டரிடம் காட்டி எலும்பு ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். முதுகுவலியோடு கால் துவண்டாலோ சிறுநீர் போகச் சிரமப்பட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிட்டு அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.