மாடித் தோட்டம்: வாசகர் கேள்வி

கேள்வி: எஸ்டேட் தோட்டப்புறத்திலிருந்து வெளியேறி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீடு வாங்கியிருக்கிறோம், ஐயா. கார் நிறுத்துமிடத்தின் மேலுள்ள கான்கிரீட் தளத்தில் கறிவேப்பிலை, மல்லிகை வளர்த்து அழகுபடுத்தலாமா?

பதில்: தாராளமாக வளர்க்கலாம், அம்மா, ஆனால் அழகுக்கு முன் பாரத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தேங்கும் நீரே 100 கிலோ எடை கொண்டது என்பதால், ஈர மண் நிறைந்த பெரிய தொட்டிகளை ஏற்றுவதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் அவசியம் கேட்டுவிடுங்கள். தேங்காய் நார்த்தூள் கலந்த மண் சுமையைக் குறைக்கும். கறிவேப்பிலையும் மல்லிகையும் வெயிலை விரும்புபவை. அவற்றின் நிழலில், சமையலுக்கு மணமூட்டும் பண்டான் இலைச்செடி செழிக்கும். தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைக்கவே வைக்காதீர்கள்; நம் ஊர் மழையில் அதில் தேங்கும் நீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். செங்கல் மேல் தொட்டியை உயர்த்தி, வடிகால் வாயைச் சருகு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.