மூன்ஸ்டரில் ஓர் அரையாண்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் புவியியல் படிக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ் புலமைப்பரிசிலில் வரும் ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை ஜேர்மனியின் மூன்ஸ்டர் நகரில் ஓர் அரையாண்டு படிக்கத் தெரிவாகியுள்ளேன். போனால் பட்டம் பிந்தும், எங்கள் அணியோடு (ஒரே வருடத்தில் சேர்ந்தவர்களோடு) படித்து முடிக்க முடியாது என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். நான் போகலாமா?
மூன்றாம் வருட மாணவி, கோண்டாவில்

பதில்: போய் வாருங்கள், மகளே. ஆனால் கட்டுநாயக்காவில் விமானம் ஏறும் முன்னரே, அங்கே படிக்கப் போகும் ஒவ்வொரு பாட அலகும் இங்கே எந்தப் பாட அலகுக்கு ஈடாகக் கொள்ளப்படும் என்பது எழுத்தில், கையொப்பத்துடன் உங்கள் கையில் இருக்க வேண்டும். பட்டம் பிந்துவதும் பிந்தாததும் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் தங்கியிருக்கிறது.

1987இல் ஐரோப்பிய நாடுகளுக்கிடையே மாத்திரம் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம், 2015 முதல் எங்களைப் போன்ற வெளிநாடுகளின் மாணவர்களுக்கும் அரையாண்டுப் பரிமாற்றத்தைத் திறந்துவிட்டது. அதன் அடிப்படை ஆவணம் கற்கை ஒப்பந்தம். நீங்கள், உங்கள் பல்கலைக்கழகம், அங்குள்ள பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பும் அதில் ஒப்பமிட வேண்டும். அதற்கு முன்பாகவே, உங்கள் துறைத் தலைவரின் பரிந்துரையுடன் பீடச்சபைக்கும், தேவைப்பட்டால் மூதவைக்கும் (செனட்) அது போய்வர வேண்டியிருக்கும். மூதவை மாதத்திற்கு ஒருமுறை கூடுவது என்று கணக்கிட்டாலும், ஒரு கூட்டத்தில் தவறினால் ஒரு மாதம் போய்விடும் என்பதால், தெரிவுக் கடிதம் வந்த இந்த வாரமே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

கிரெடிட் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். ஒரு வருடத்திற்கு 30 கிரெடிட். ஐரோப்பிய முறையிலோ ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம்தான். ஒரு வருடத்திற்கு 60, அரையாண்டுக்கு 30. எங்கள் 15 கிரெடிட்டுக்கு அங்கே ஏறத்தாழ 30 எடுக்க வேண்டும். இதை அறியாமல் 'இங்கேயும் பதினைந்து, அங்கேயும் பதினைந்து' என்று எண்ணிப் பாடங்களைக் குறைத்துக்கொண்டு போனவர், திரும்பி வரும்போது பாதிச் சுமையைத்தான் முடித்திருப்பார்.

புள்ளியிலும் இதே சிக்கல் உண்டு. ஜேர்மனியில் 1.0 தான் மிகச் சிறந்த பெறுபேறு, 4.0 சித்தியின் கடைசி எல்லை, 5.0 சித்தியின்மை. எங்களிடம் 4.0 என்பது உச்சம். நீங்கள் உழைத்துப் பெற்ற 1.3 இங்கே பரீட்சைப் பிரிவின் மேசையில் எப்படி வாசிக்கப்படும் என்பதை இப்போதே கேட்டு, மாற்றும் அட்டவணையையும் ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை ஐரோப்பிய நகரம் ஒன்றிற்குப் போனபோது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்த பாடமொன்று அந்த அரையாண்டில் நடைபெறவில்லை. அவர் வேறொரு பாடத்தை எடுத்து நன்றாகவே சித்தியடைந்தார். ஆனால் அந்த மாற்றத்தை எழுத்தில் பதியவில்லை. திரும்பி வந்தபின் அது ஏற்கப்படாமல், தனக்கு அடுத்த அணியோடு அமர்ந்து ஒரு பாடத்தை மீண்டும் படித்தார். அந்த மாற்றத்தை எழுத்தில் பதியும்படி அவருக்கு நினைவூட்டத் தவறியவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது. பரிமாற்றக் காலத்தில் பாடம் மாறினால் பதிவதற்கென்றே கற்கை ஒப்பந்தத்தில் ஒரு பகுதி இருக்கிறது. முதல் சில வாரங்களுக்குள் அதை நிரப்பி இரு பக்கக் கையொப்பமும் பெறுங்கள்.

இன்னொன்று: 2020இல் பெருந்தொற்றும் 2022இல் பொருளாதார நெருக்கடியும் வந்தபின் எங்கள் பல்கலைக்கழகங்களின் நாட்காட்டி இடம்பெயர்ந்துவிட்டது. அங்கே ஒக்டோபர் நடுப்பகுதியில் விரிவுரைகள் தொடங்கி, பெப்ரவரியில் பரீட்சைகள் நடக்கும்போது, இங்கே உங்கள் அணிக்கு ஓர் அரையாண்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் வரக்கூடும். இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வகுப்பறையைப் பற்றியும் ஒரு சொல். கால அட்டவணையில் 10 மணி என்பதற்குப் பக்கத்தில் 'சி.ரி.' என்று இருந்தால் விரிவுரை 10.15க்குத் தொடங்கும், 'எஸ்.ரி.' என்றால் சரியாகப் பத்துக்கு. கருத்தரங்கு வகுப்புகளில் பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பவரை மரியாதையான மாணவி என்று எவரும் கருதமாட்டார்கள். வாசிக்கவில்லை என்றே எண்ணுவார்கள். கேள்வி கேட்பது ஆசிரியரை எதிர்ப்பதாகாது. முதல் வாரம் ஒரேயொரு கேள்வியாவது எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டாமல் மடக்கிய விரல் முட்டிகளால் மேசையைத் தட்டுவார்கள். உங்கள் முன்வைப்பு முடிந்து அந்தச் சத்தம் எழும்போது பயப்பட வேண்டாம், அது பாராட்டு.

கேள்வி: என் மகளும் இப்படி மூன்ஸ்டர் போக இருக்கிறாள். என் தம்பி குடும்பம் பக்கத்தில் ஹாம் நகரில் முப்பது வருடமாக இருக்கிறது. விடுதியில் தனியே விடாமல் மாமா வீட்டில் இருந்து படிக்க வைக்கலாமா? சாப்பாட்டுக்கு என்னென்ன கொடுத்துவிடலாம்?
தாயொருவர், சாவகச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் பயத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனாலும் விடுதியே நல்லது. ஹாமிலிருந்து மூன்ஸ்டருக்குப் புகையிரதத்தில் ஏறத்தாழ அரை மணி நேரம்தான் என்றாலும், மாலை வகுப்பு முடிந்தபின் அணியாகச் சேர்ந்து முன்வைப்பைத் தயாரிப்பதும், விடுதிச் சமையலறையில் வேறு நாட்டுப் பிள்ளைகளோடு பேசிப் பழகுவதும் மாமா வீட்டிலிருந்து ஓடிவரும் பிள்ளைக்குக் கிடையாது. சனிக்கிழமைகளில் அவள் மாமியின் கையால் புட்டும் கறியும் சாப்பிட்டு, 2002இல் கும்பாபிஷேகம் கண்ட ஹாம் காமாட்சி அம்பாளைக் கும்பிட்டு வரட்டும். அங்கே தேர்த்திருவிழா கோடைகாலத்தின் தொடக்கத்தில் வருவதால், பெப்ரவரியில் திரும்பும் மகளுக்கு அது கிடைக்காது. விடுதி அறைகள் தட்டுப்பாடானவை. விண்ணப்பத்தை இப்போதே அனுப்பச் சொல்லுங்கள். குடியேறி இரண்டு வாரத்திற்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம்.

வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூள் கொடுத்துவிடுங்கள். இறைச்சியையும் நெய் முதலிய பாலுணவுகளையும் பயணப் பொதியில் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் கொண்டுபோக முடியாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் கறுத்தக் கொழும்பான் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். சோகம்தான், ஆனால் விமான நிலையத்தில் மகள் கண்முன்னே மாம்பழம் குப்பைத் தொட்டிக்குள் போவதைவிட வீட்டிலேயே விடுவது மேல்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்தள்ளியதும் நேர வித்தியாசம் மூன்றரை மணியிலிருந்து நாலரை மணியாகும். டிசெம்பரில் அங்கே காலை எட்டரைக்குத்தான் விடியும். மாலை நாலரைக்கு முன்பே இருண்டுவிடும். வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் குளிரைவிட அந்த இருட்டுத்தான் பாரமாக இருக்கும். இருள் விழும் அந்த நான்கு மணி உங்களுக்கு இரவு எட்டரை. கிழமையில் இரண்டு நாள் அந்த நேரத்தில் பேசுங்கள். நாள்தோறும் மூன்று முறை அழைத்தால் அவள் மனம் சாவகச்சேரியிலேயே நின்றுவிடும்.

கேள்வி: அடுத்த வருடம் விண்ணப்பிக்க விரும்புகிறேன். வீட்டில் சேமிப்பு இல்லை. புலமைப்பரிசில் மட்டும் போதுமா?
மாணவர், பருத்தித்துறை

பதில்: தம்பி, எராஸ்மஸில் போகும் மாணவரிடம் அங்குள்ள பல்கலைக்கழகம் கற்கைக் கட்டணம் அறவிடாது. மாதக் கொடுப்பனவு சிக்கனமாக வாழ்பவருக்குப் போதும். கஷ்டம் முதல் மாதத்தில்தான். விசாவுக்காகக் கொழும்புக்குப் போய்வரும் செலவும், அறைக்கான முற்பணமும், மருத்துவக் காப்புறுதியும் கொடுப்பனவு கைக்கு வரும் முன்னரே வந்துவிடும். முதல் தவணை எந்தத் திகதியில், எந்தக் கணக்குக்கு வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 90 நாளுக்கு மேற்பட்ட தங்கலாதலால் தேசிய விசா எடுக்க வேண்டும். மாணவருக்கு மாதம் 992 யூரோ தேவை என்பது 2024 செப்டம்பர் முதல் ஜேர்மனி வைத்துள்ள அளவு. உங்கள் கொடுப்பனவு அதிலும் குறைந்தால் மிகுதியை எப்படிக் காட்டுவது என்பதைத் தெரிவுக் கடிதம் வந்த உடனேயே விசாரியுங்கள்.

போக்குவரத்துக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்குங்கள். சைக்கிளை 'லேட்ஸே' என்று செல்லமாக அழைக்கும் ஊர் மூன்ஸ்டர். பழைய நகர மதில் இருந்த இடத்தில், லிண்டன் மரங்களின் கீழ், நாலரைக் கிலோமீற்றர் வட்டப் பாதையொன்று வாகனங்கள் இல்லாமல் ஓடுகிறது. போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊரிலிருந்து போகும் உங்களுக்கு அங்கே ஓட்டப் பயமிராது. ஆனால் நடைபாதையில் ஓட்டக் கூடாது. முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் போனால் பொலிஸார் மறித்துத் தண்டம் எழுதுவார்கள். வாங்கும்போதே இரண்டு விளக்கையும் எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள். பெப்ரவரியில் அடுத்து வரும் மாணவருக்கு அதை விற்றுவிட்டு வரலாம்.