பட்டியல் வேண்டாம், ஒரு பக்கம் போதும்

அன்புள்ள அக்கா,

நான் கிழக்கிலங்கையில் மருதமுனை. உறவுக்காரர், பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் என்று நாற்பது பேர் வரை இருக்கிற ஒரு வட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். படித்த புத்தகங்களின் பெயர், நல்ல பொட்காஸ்ட் லிங்க், கிடைத்தால் பீடிஎப் எல்லாம் அதில் போடுவேன். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு கட்டைவிரல் வரும், அவ்வளவுதான். 'படிச்சவன் எண்டு காட்டுறான்' என்று ஒரு மச்சான் சொன்னதாகவும் கேள்வி. ஆனால் போன மாதம் வாப்பாவின் தறி ஓடுகிற சத்தத்தைப் பதிவுசெய்து, சின்ன வயதில் இதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவேன் என்று எழுதிப் போட்டேன். அன்று இரவு நெடுநேரம் எல்லோரும் பேசினார்கள். சந்தோசம்தான், ஆனால் கவலையும் வந்தது. புத்தகத்தை விட்டுவிடவா? நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

மருதமுனை வாசகர்

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். ஆனால் தறிச் சத்தத்துக்கு ஏன் அத்தனை பதில் வந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். மருதமுனையில் தறிச் சத்தம் கேட்காமல் வளர்ந்தவர் யார்? புதிதாக ஒரு தகவலும் நீங்கள் சொல்லவில்லை. அது உங்களுக்கு என்னவாக இருந்தது என்று ஒரு வரி சேர்த்தீர்கள், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் தங்கள் தங்கள் வீட்டுக்குள் போனார்கள். புத்தகம் போடும்போது அந்த வரியை நீங்கள் எழுதுவதில்லை என்று நினைக்கிறேன். பெயர், ஆசிரியர், 'கட்டாயம் படியுங்கள்'. வாசிக்கிறவருக்கு அது ஒரு வேலை கொடுத்த மாதிரி. ஏற்கனவே தலைக்கு மேல் வேலை இருக்கிற ஆட்கள்.

பட்டியலை நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு ஒரு புத்தகம், அதிலும் ஒரு பக்கம் போதும். உங்களைப் பிடித்து நிறுத்திய பத்தியைக் கையால் தட்டச்சு செய்து போடுங்கள், அல்லது குரலில் வாசித்து அனுப்புங்கள், அந்த இடத்தில் உங்களுக்கு என்ன ஆனது என்று இரண்டு வரி எழுதுங்கள். இதற்கு உழைப்பு வேண்டும், பத்து லிங்க் போடுவதை விட அதிக நேரம் போகும், ஆனால் அந்த நேரம்தான் எதிரில் இருக்கிறவருக்குத் தெரிகிறது.

உங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்தாலே இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் இருக்கிறார்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வந்த 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகம் செய்கிறார். எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். ஷேக்ஸ்பியர் பெரியவர், படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. கதையைச் சொல்கிறார், தனக்கு முக்கியமாகப் பட்ட கட்டங்களைத் தமிழ்ச் செய்யுளாக ஆக்கி அங்கேயே வைக்கிறார், நம்முடைய நாடக மரபோடு சேர்த்துப் பேசுகிறார். ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாதவருக்கும் அந்த நாடகங்களுக்குள் போக ஒரு வழி கிடைத்துவிடுகிறது. அதே மாதிரி கல்முனைக்குடியின் எம்.ஏ.நுஃமான். அவருடைய 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் வந்தது. எங்கோ எழுதப்பட்ட கவிதையை நம்முடைய கரையில் இருக்கிறவர் தன் மொழியில் வாசிக்க வேண்டும் என்று ஒருவர் மேசையில் உட்கார்ந்து வரிவரியாக மாற்றியிருக்கிறார். பகிர்தலிலேயே அதிக உழைப்புக் கேட்பது மொழிபெயர்ப்புத்தான் என்பது என் எண்ணம். நம்மால் அவ்வளவு முடியாவிட்டாலும் ஒரு பக்கம் முடியும்.

அப்புறம், நாற்பது பேருக்கும் என்று எழுதாதீர்கள், ஒருவரை மனதில் வைத்து எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒன்று. உங்களுக்கு வடக்கே ஒட்டினாற்போல இருக்கிற பெரியநீலாவணையைச் சேர்ந்தவர் கவிஞர் நீலாவணன். 1975இல் இறந்துபோனார், அவருடைய 'வேளாண்மை' காவியம் 1982இல்தான் புத்தகமாக வந்தது. வயலை நம்பி வாழ்கிற நம்முடைய ஆட்களின் கதை. உங்கள் குழுவில் வயல் செய்கிற மாமா ஒருவராவது இருப்பார். வேளாண்மை வெட்டு நடக்கிற நாட்களில் அதில் நாலு அடியைப் போட்டு, 'மாமா, இப்பவும் இப்படித்தானா?' என்று கேளுங்கள். அவர் கவிதை படிக்கிறவராக இருக்கத் தேவையில்லை. அவருக்குத் தெரிந்த விடயம், அவர் பேசுவார், அவர் பேசினால் மற்றவர்களும் வருவார்கள். பேசுவது நெல்லைப் பற்றியே இருந்தாலும் பரவாயில்லை, நீலாவணனும் அதைப் பற்றித்தானே எழுதினார்.

பீடிஎப் விடயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கிழக்கில் புத்தகம் போடுகிறவர்கள் பலர் சொந்தக் காசைப் போட்டு, சில நூறு பிரதி அடித்து, கையில் பையோடு திரிந்து விற்கிறவர்கள். அந்தப் புத்தகத்தை யாரோ ஸ்கேன் பண்ணிய கோப்பாக நாற்பது பேருக்கு அனுப்பினால், வாசிக்கிறவர் இரண்டு பேர் கூட இருக்கமாட்டார், எழுதியவருக்கோ அந்த இரண்டு பிரதியின் விற்பனையும் போச்சு. பழைய புத்தகம், கடையில் கிடைக்காது என்றால் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். 2005இல் தொடங்கியது, நம்முடைய ஈழத்து நூல்களும் இதழ்களும் அங்கே இலவசமாகவே வாசிக்கக் கிடைக்கின்றன. வி.சீ.கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) மாதிரி நூல்களை அங்கே தேடிப் பார்க்கலாம். புதிய புத்தகமென்றால் வாங்கி, ஆளுக்கு ஆள் கைமாற்றுங்கள். கைமாறிப் போகிற புத்தகம் திரும்பி வருகிறபோது ஓரத்தில் யாராவது ஒரு கோடு போட்டிருப்பார், எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

பொட்காஸ்டுக்கு வருவோம். பிபிசி தமிழோசை 1941இல் தொடங்கியது, 2017இல் வானொலியாக நின்றுபோனது. சண்டைக் காலத்தில் இந்தப் பக்கத்தில் அதைக் கேட்காத வீடு குறைவு. செய்தி முடிந்தவுடன் வானொலியை நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் பேசத் தொடங்குவார்கள், எனக்கு அந்தப் பேச்சுத்தான் நிகழ்ச்சியை விட நினைவிருக்கிறது. இப்போது ஆளாளுக்குக் காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு தனித்தனியாகக் கேட்கிறோம், முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது, பேசுவதற்கு இடமே இல்லை. ஆகவே லிங்க் மட்டும் அனுப்பாமல், 'வெள்ளி இரவு எல்லோரும் இதைக் கேட்போம், சனி பேசுவோம்' என்று ஒரு நாள் குறியுங்கள். முழுதும் கேட்க டேட்டா இல்லாதவர்களுக்கு எத்தனையாவது நிமிடத்தில் விடயம் தொடங்குகிறது என்று எழுதிவிடுங்கள்.

நான் விடாமல் கேட்பது பிபிசி ரேடியோ 4இன் 'இன் அவர் டைம்'. ஆங்கிலம்தான். 1998இல் மெல்வின் பிராக் தொடங்கியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் இருக்கின்றன. ஒரு விடயம், அதைத் தெரிந்த மூன்று அறிஞர்கள், முக்கால் மணித்தியாலம் போல. 2025 வரை பிராக்தான் நடத்தினார். அறிஞர் வழி மாறினால் இழுத்துக்கொண்டு வருவார், புரியாததைத் திரும்பவும் கேட்பார். சமையல் செய்துகொண்டே கேட்பேன், பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்த பகுதிகளும் உண்டு.

இப்போது படித்துக்கொண்டிருப்பது, இலங்கையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல். அதில் எங்கள் வாவி வருகிறது. 1848 செப்டெம்பரில் அவர் மட்டக்களப்புக்கு வந்தபோது, நீருக்கடியிலிருந்து இசை கேட்கிறதென்று சொல்லக் கேட்டு, நிலவில் தோணியில் போகிறார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற மாதிரி மெல்லிய ஒலிகள் என்று எழுதுகிறார். தோணியின் பலகையில் காதை வைத்தால் சத்தம் இன்னும் பெரிதாகிறதாம். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள், அந்தப் பாடும்மீன் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டுப் பழகிப்போன எனக்கு, அந்தப் பலகையில் காதை வைக்கிற இடத்தில் உடம்பு சிலிர்த்தது. அந்தப் பகுதி சிறியதுதான். தமிழில் ஆக்கி அடுத்த கிழமை இங்கே போடுகிறேன். உங்கள் குழுவுக்கும் கொண்டுபோங்கள், என் பெயர் தேவையில்லை, டெனன்ட்டின் பெயரும் ஆண்டும் இருந்தால் சரி.