பெஞ்சில் அமர்ந்திருக்கும் மகள்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளாகப் பள்ளியின் கைப்பந்து அணியில் இருக்கிறாள். போட்டி என்று வந்தால் வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் கொடுப்பதோடு சரி. உயரம் குறைவு என்பதால் பயிற்சியாளர் அவளைக் கவனிப்பதே இல்லை. ஆசையாக ஓடியவள் இப்போது மைதானத்துக்குப் போகவே தயங்குகிறாள். நான் அவரைச் சந்தித்துப் பேசலாமா?

ஒரு தந்தை, நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பேச வேண்டாம், உங்கள் மகளே பேசட்டும். "என்னை ஏன் இறக்குவதில்லை" என்று கேட்டால் பயிற்சியாளர் தம் முடிவுக்குக் காரணம் சொல்வார். "நான் எதைச் சரிசெய்ய வேண்டும், சார்?" என்று கேட்டாலோ, பதில் சொன்ன பிறகு, சொன்னதை அவள் செய்கிறாளா என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

"உன்னால் முடியும்" என்று வீட்டில் ஊட்டும் தைரியம் எதிரணியின் முதல் சர்வீஸ் வரைதான் தாங்கும். கைப்பந்தில் பாஸ் சரியாக வராமல் லிஃப்டர் தூக்க முடியாது, லிஃப்டர் தூக்கித் தராமல் அடிப்பவர் அடிக்க முடியாது. சர்வீஸ் ஒன்றுதான் முழுக்க அவள் கையில் இருப்பது. நடுவர் விசில் ஊதியபின் 8 நொடிகள் அவளுக்கே சொந்தம். மகளிர் வலையின் உயரம் 2.24 மீட்டர், அதைத் தாண்டும் ஃப்ளோட் சர்வீஸை, அதாவது பந்து சுழலாமல் மிதந்து போகும் சர்வீஸை, தரையில் நின்றபடியே போடலாம் என்பதால் அங்கே உயரம் பெரிய தடையும் அல்ல. நான் ஆடிய காலத்தின் 15 புள்ளி முறையில் சர்வீஸ் வலையில் விழுந்தால் வாய்ப்பு மட்டுமே கைமாறும். இன்று 25 புள்ளி ஆட்டத்தில் தவறும் ஒவ்வொரு சர்வீஸும் எதிரணிக்கு ஒரு புள்ளி. ஆகவே 23-23 என்று நிற்கும்போது, பதறாமல் பந்தை உள்ளே போடக்கூடிய ஒருத்தி பெஞ்சில் இருக்கிறாளா என்றுதான் பயிற்சியாளரின் கண் தேடும்.

நானும் ஒரு பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தவன்தான். பயிற்சி முடிந்து வலையை அவிழ்ப்பதற்குள் கிடைக்கும் கால் மணி நேரத்தில், எதிர்ப்பக்க மூலையில் ஒரு பழைய சைக்கிள் டயரைப் போட்டுவிட்டு அதைக் குறிவைத்துச் சர்வீஸ் போடுவேன். முதல் நாள் 50 பந்துகளில் 3 டயருக்குள் விழுந்தன. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வந்தேன். மூன்று மாதத்தில் அது 11 ஆனது. ஒருநாள் வலைக்கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த பயிற்சியாளர் டயரைக் காலால் மற்ற மூலைக்குத் தள்ளிவிட்டு, "இப்ப இங்க போடு" என்றார். இரண்டு ஆண்டுகளில் அவர் என்னிடம் தனியாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

உயரத்தைப் பற்றி இன்னொன்று. பின்வரிசையில் மட்டும் ஆடும், வலையருகே கை உயர்த்தி எதிரணியின் அடியைத் தடுக்கும் பிளாக் போடக்கூடாத, வேறு நிறச் சட்டையணிந்த லிபரோ என்னும் இடம் 1998இல் உலக விதிகளில் வந்தது. அதைக் குள்ளமானவர்களுக்கு ஒதுக்கிய இடம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அணியில் மிகச் சிறந்த பாஸ் யாருடையதோ அவருக்கே அந்தச் சட்டை கிடைக்கும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரே பந்தை வைத்துக்கொண்டு 50 சர்வீஸ் போட்டால் பாதி நேரம் அதை எடுத்து வருவதிலேயே போய்விடும். மாலையில் எதிர்ப்பக்கம் நின்று, எதுவும் சொல்லாமல், பந்தைப் பொறுக்கிப் போடுங்கள்.