நோயாளியின் ஸ்கேனை குரூப்பில் போடலாமா? மருத்துவர்களின் கேள்விகளும் பதில்களும்

சமூக ஊடகத்தில் மருத்துவர்கள் படிப்பது, கேஸ் பேசுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். சிறுநீரக மருத்துவராக என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதலாண்டு எம்.டி. மாணவி: டியூட்டி முடிந்தால் ஆய்வுக் கட்டுரை படிக்கத் தெம்பே இல்லை, டாக்டர். ஒரு கட்டுரையைப் பலர் சேர்ந்து படித்துப் பேசும் ஆன்லைன் ஜர்னல் கிளப் உதவுமா?

நிச்சயம் உதவும். எங்கள் சிறுநீரகத் துறையில் நெஃப்ஜேசி என்ற ஜர்னல் கிளப் இருக்கிறது. டெட்ராய்ட்டின் ஜோயல் டாஃபும் ஒட்டாவாவின் ஸ்வப்னில் ஹிரேமத்தும் 2014இல் ட்விட்டரில் தொடங்கியது. ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு பல நாட்டு மருத்துவர்கள் அலசுவார்கள். விவாதம் நடக்கும் நேரம் அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் செவ்வாய் இரவு 9 மணி என்றால் நமக்குப் புதன் காலை ஆறரை. அங்கே குளிர்காலமென்றால் ஏழரை. ரவுண்ட்ஸுக்கு முன் காபியோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் சும்மா கவனியுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், கூச்சம் போய்விடும்.

அவரே: கட்டுரையின் முடிவுகளை ஒரே படத்தில் காட்டும் படச் சுருக்கம் மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. 'அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி' இதழுக்காக 2016இல் ஆண்ட்ரூ இப்ராஹிம் கொண்டுவந்த நல்ல வடிவம் அது. 44 கட்டுரைகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படச் சுருக்கம் இருந்தால் மறுபகிர்வு சுமார் 8 மடங்கு கூடியது. ஆனால் கட்டுரையைத் திறந்துபார்ப்பது 3 மடங்குக்கும் குறைவாகத்தான் கூடியது. பகிர்கிறவர்கள் எல்லோரும் படிப்பதில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

தாலுகா மருத்துவமனை சர்ஜன்: சிக்கலான கேஸ் வந்தால் சி.டி. படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு சீனியர்களிடம் கேட்கலாமா, சார்?

கேளுங்கள். ராத்திரி 11 மணிக்குத் தனியாக நிற்கிற உங்களுக்கு அது பெரிய துணை. நியூயார்க் சர்ஜன் பிரையன் ஜேக்கப் 2012இல் ஃபேஸ்புக்கில் ஹெர்னியாவுக்கென்றே (குடலிறக்கம்) ஒரு மூடிய குழு தொடங்கினார். பல நாட்டு சர்ஜன்கள் அங்கே சந்தேகம் கேட்கிறார்கள்.

ஆனால் படம் நோயாளியுடையது. சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு குரூப்பில் ஒரு ஸ்கேன் வந்தது. மூலையில் நோயாளியான ஒரு அம்மாவின் பெயர், வயது, ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) எல்லாம் அப்படியே இருந்தன. மறுநாள் மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத என் உறவினர் ஒருவர் அதே படத்தை எனக்கு அனுப்பி, "இது என்ன வியாதி?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால் முதலில் நோயாளியிடம் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்கி, கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பெயர், நம்பர், தேதி, மருத்துவமனை எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். பவர்பாயிண்டில் கிராப் செய்தால் வெட்டிய பகுதி ஃபைலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதைத் தனியாக நீக்க வேண்டும். முகப் படத்தில் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போடுவது போதாது என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவே சொல்கிறது. சின்ன ஊரில் ஒரு மச்சம், ஒரு பச்சை குத்தல் போதும், ஆள் தெரிந்துவிடும். போன் கேலரியில் படங்கள் தானாகச் சேர்வதையும் நிறுத்திவிடுங்கள். நாளைக்கு அந்த போன் குழந்தை கையில் இருக்கும்.

மயக்க மருந்து நிபுணர்: கோவிட் காலத்தில் எத்தனை தப்பான தகவல் பரவியது! சமூக ஊடகத்தை நம்பலாமா?

பரவியது உண்மை. அதே காலத்தில் தப்பைப் பிடித்ததும் இந்தத் திறந்த விவாதம்தான். 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில், கோவிட்டுக்குக் கொடுத்துப் பார்த்த மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றிய கட்டுரை வந்தது. 96,032 நோயாளிகள், 671 மருத்துவமனைகள் என்றார்கள். அந்த ஆய்வின் காலம்வரை ஆஸ்திரேலியாவில் பதிவான கோவிட் மரணங்களைவிட, கட்டுரையில் அந்த நாட்டுக்குக் காட்டிய மரணங்கள் அதிகம்! ஆய்வாளர்கள் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள், திறந்த கடிதம் எழுதினார்கள். ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்றே நாள்.

ஒரு நோயாளியின் மகன்: அப்பா ரிப்போர்ட்டை டாக்டரின் இன்ஸ்டாகிராம் பதிவுக்குக் கீழே போடலாமா?

வேண்டாம், தம்பி. நேரில் காட்டுங்கள், இல்லையென்றால் முறையான டெலிமெடிசின் ஆலோசனை எடுங்கள்.

இளம் மருத்துவர்: இந்தியாவில் இதற்கென்று விதி உண்டா?

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்ட நடத்தை விதிகளில் சமூக ஊடகத்துக்கென்றே ஒரு பகுதி இருந்தது. அதே மாதம் 23ஆம் தேதி அந்த விதிகளை நிறுத்திவைத்தார்கள். நான் அந்தப் பகுதியை அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். நீங்களும் ஒருமுறை படியுங்கள்.